மைசூரில் ஆற்றல் மேலாண்மைக் கல்வி

காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவு மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. அதை நடத்திக்காட்டிய சமஸ்தானத்தின் தலைநகராக இருந்தது மைசூரு. மின்துறைப் படிப்பு இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

1946இல் தொடங்கிய தேசியப் பொறியியல் கல்லூரி (என்.ஐ.இ.), புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கெனத் தனி மையம் நடத்துகிறது. 1963இல் உருவான ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி இன்று ஜே.எஸ்.எஸ். அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கம்.

பட்டத்துக்குப் பின் பலர் நாடுவது ஆற்றல் திறன் பணியகத்தின் தேசியத் தேர்வு. ஆற்றல் மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டப்படி, மின்சாரமும் எரிபொருளும் பெருமளவில் செலவிடும் குறிப்பிட்ட ஆலைகள் தகுதிபெற்ற மேலாளரை அமர்த்தியாக வேண்டும். வேலைவாய்ப்புக்கு அடிப்படை இதுதான்.

ஆற்றல் திட்டங்களுக்கு நிலமும் வேண்டும் என்பதால், அதைப் பற்றியும் படிக்க வேண்டியிருக்கிறது. நிலம் பற்றிய பாடத்துக்கு தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா அமைந்துள்ளது. வறண்ட அந்நிலத்தை அரசு விலைக்கு வாங்கவில்லை. விவசாயிகளிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. தொடக்கக் குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000; ஈராண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. பட்டா கையில் இருந்தவருக்கு வருமானம் வந்தது. அந்த வயல்களில் கூலிவேலை செய்தோருக்கும் ஆடு மேய்த்தோருக்கும் குத்தகைப் பணத்தில் பங்கில்லை. மின்சுற்று தெரிந்தால் போதும் என்று இத்துறைக்கு வரும் மாணவர், நில உரிமை ஆவணம், குத்தகைப் பத்திரம் ஆகியவற்றையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.