கரிசல் சீமையில் கடிகார முள்

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, குளிர்காலம் வந்ததும் பழையபடி திருப்பி வைப்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரம் அப்படி முள்ளை நகர்த்தி நெடுநாள் வாழ்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். அப்போதும் காரணம் கோடை அல்ல.

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது இங்கே செல்லுபடியானது சென்னை நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்துச் சொன்ன அந்த நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியா முழுவதற்கும் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. சென்னைக்கு வித்தியாசம் ஒன்பதே நிமிடம். தென்னாட்டில் யாரும் கொடி பிடிக்கவில்லை. 39 நிமிடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த பம்பாயோ முரண்டு பிடித்து, 1955 வரை பழைய நேரத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டிருந்தது.

புதிய கணக்கின் ஆதாரமான 82½ பாகைத் தீர்க்கக்கோடு மிர்சாபூர் பக்கம் போகிறது. விருதுநகர் அதற்கு மேற்கே, 78 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.18-க்குத்தான் வரும்.

1942 செப்டம்பர் 1 அன்று அரசு நாடு முழுவதும் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. 1945 அக்டோபர் 15 வரை, மூன்று ஆண்டுக்கு மேல், கோடை குளிர் என்ற பேதமில்லாமல் அது அப்படியே நின்றது. விருதுநகரின் காமராஜர் 1942 ஆகஸ்டில் சிறைக்குப் போய் 1945 ஜூனில் வெளியே வந்தார். அவர் உள்ளே போன சில நாளில் மாறிய கடிகாரம், அவர் திரும்பியபோதும் மாறியபடியே இருந்தது.

விளக்குச் செலவை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். நிலக்கரியைச் சேமிக்க ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று தொடங்கிய வழி இது. லண்டனில் கோடையின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அங்கே விடியலில் வீணாகும் வெளிச்சத்தை மாலைக்கு மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஒன்பதரை பாகை வட அட்சத்தில் இருக்கும் சிவகாசியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஜனவரியில் 6.40 வாக்கில் எழும் சூரியன் போர்க்கால நேரப்படி 7.40-க்கு எழுந்தது.

மிச்சம் பிடிக்க மின்சாரமும் இங்கே பெரிதாக இல்லை. பாபநாசம் நீர்மின் நிலையமே 1944-ல்தான் வந்தது. இந்த வட்டாரத்துத் தொழிலான தீப்பெட்டியும் பட்டாசும் கைவேலை; திரியும் மருந்தும் வெயிலில் காய வேண்டும். மருந்துக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது, கடிகாரம் என்ன காட்டினாலும். டெல்லியின் உத்தரவு ரயிலையும் கச்சேரியையும் நகர்த்தியிருக்கலாம். காயப்போட்ட களத்தை நகர்த்த அதற்கு வலுவில்லை.

இலங்கை இதே சோதனையை அரை நூற்றாண்டுக்குப் பின் செய்தது. மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே 25-ல் ஒரு மணி நேரம் முன்னே போனது, அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காததால் ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. பிரேசிலிலும் தெற்கு மாநிலங்கள் முள்ளை நகர்த்திய காலத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய வடக்கு மாநிலங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தன. 2019-ல் நாடே அதைக் கைவிட்டது.

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டருக்கும் இந்த நேரக் குழப்பத்தில் பங்குண்டு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது, சூரியன் ஆண்டு முழுவதும் சரியாக ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. இங்கே அது கொஞ்சம் முன்பின்னாகும். கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் லண்டனில், அதுவும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்த கடிகாரத்தில், அந்தத் தாளை அப்படியே நம்புகிற தமிழர் வேறு ஏதோ ஒரு காலத்தைத்தான் தவிர்க்கிறார்.

கடிகாரம் இந்த ஊர்களை உண்மையிலேயே கட்டிப்போட்டது 2018-ல். அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் அனுமதி தந்தது. வட நாட்டுக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டில் தீபாவளி விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடும் பண்டிகை. தமிழக அரசு முறையிட்டதும், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் மாநிலங்களே வேளையைக் குறித்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. அரசு குறித்தது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அந்த ஆண்டு நவம்பர் 6, தீபாவளியன்று, சிவகாசியில் சூரியன் ஏறக்குறைய 6.10-க்கு உதித்தது, இருட்டில் கொளுத்த வேண்டிய வெடிக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. போர்க்கால நேரம் இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமும் விடியலுக்கு முன்பே வந்திருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அரசு அதே நேரத்தையே அறிவித்தது.