அருவியும் வெப்பமானியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் கொல்லி மலையின் அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலையை அடையலாம். மர நிழலில், பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடிவரும் இடம் அது. விடுமுறை நாட்களில் திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே செல்வது வழக்கம். அங்கு ஓடிவரும் அந்த ஐயாறு, மலையின் மேலே ஓர் அருவியாக விழுந்துவிட்டுத்தான் கீழே வருகிறது. அந்த அருவியின் பெயர் ஆகாய கங்கை.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லி மலை. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைமேலுள்ள அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் காட்டினூடே இறங்குகின்றன. இறங்கும்போது அருவி முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் ஓசைதான் முதலில் வரும். பிறகு காற்றில் ஈரம் தட்டும். கடைசியில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து, அதாவது 91 மீட்டர் உயரத்திலிருந்து, நீர் விழும் காட்சி தென்படும்.

இப்பொழுது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அருவியின் உச்சியில் உள்ள நீர், விழுந்த பின் அடியில் உள்ள நீர் இவ்விரண்டில் எது சூடானது?

"கீழே உள்ள நீர்தான் குளிர்ந்தது, சாரல் பட்டாலே உடல் நடுங்குகிறதே" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் இயற்பியல், விழுந்த நீரே சற்றுச் சூடாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தச் சிறிய கேள்விக்குப் பின்னால், 19ஆம் நூற்றாண்டு அறிவியலின் மிகப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது.

வெப்பம் ஒரு பொருளா?

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய அறிஞர்களில் பெரும்பாலோர் வெப்பத்தை எடையற்ற ஒரு பாய்மம் என்று நம்பினார்கள். அதற்குக் கலோரிக் என்று பெயரிட்டார்கள். சூடான பொருளில் கலோரிக் மிகுதி. குளிர்ந்த பொருளில் குறைவு. அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது அவர்கள் கொள்கை.

1798இல் ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடையப்படுவதைக் கொண்டு தாம் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். மழுங்கிய துளைக்கருவி உராய உராய வெப்பம் பிறந்தது. சுற்றியிருந்த நீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. குடையக் குடைய வெப்பம் வந்துகொண்டே இருந்தது. அள்ள அள்ளக் குறையாத ஒன்று எப்படிப் பொருளாக இருக்க முடியும்? ரம்ஃபோர்டு இப்படிக் கேட்டும், கலோரிக் கொள்கை உடனே சாய்ந்துவிடவில்லை.

1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ, நீராவி எந்திரத்தை விளக்க அருவியையே உவமையாக எடுத்துக்கொண்டார். நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போது சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதுபோல், வெப்பம் சூடான கொதிகலத்திலிருந்து குளிர்ந்த பகுதிக்கு 'விழும்போது' எந்திரம் வேலை செய்கிறது என்றார். சக்கரத்தைச் சுழற்றிய பின்னும் நீரின் அளவு குறைவதில்லை அல்லவா? அதேபோல் வேலை செய்த பின்னும் வெப்பத்தின் அளவு குறைவதில்லை என்பது இந்த உவமையின் உட்பொருள். அழகான உவமைதான். ஆனால் அதில் ஒரு பிழை மறைந்திருந்தது.

மான்செஸ்டர் இளைஞர்

பிழையைக் கண்டவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், பீர் தயாரிக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டமோ பேராசிரியர் பதவியோ அவருக்கு இல்லை. வேலை செலவானால் அதற்கு ஈடான வெப்பம் தோன்றும் என்பதும், அந்த ஈடு எப்போதும் மாறாத ஓர் எண் என்பதும் அவர் துணிபு. ஜெர்மனியில் மேயர் என்ற மருத்துவரும் 1842இலேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். அவரையும் அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை.

1845இல் ஜூல் ஒரு துணிச்சலான முன்கணிப்பை அச்சில் வெளியிட்டார். 160 அடி விழும் நயாகரா நீரின் வெப்பநிலை, விழுந்ததால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஃபாரன்ஹீட் பாகை உயர வேண்டும் என்றார். கார்னோவின் அருவி வெறும் உவமை. ஜூலின் அருவியோ வெப்பமானி வைத்து அளந்து பார்க்கக்கூடிய உண்மையான அருவி!

1847 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் ஜூல் பேச எழுந்தார். சுருக்கமாகச் சொல்லி முடிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவையில் இருந்த, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வில்லியம் டாம்சன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. அவர் கார்னோவின் கொள்கையில் ஊறியவர். ஜூல் சொல்வது சரியென்றால் கார்னோ தவறு. கார்னோ சரியென்றால் ஜூல் தவறு. இதுதான் டாம்சனை ஆட்டிவைத்த வழக்கு.

தேனிலவில் ஒரு சோதனை

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜூலுக்குத் திருமணம் நடந்தது. சில நாட்களில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடந்துகொண்டிருந்த டாம்சன், சாமோனி அருகே எதிரே ஜூல் வருவதைக் கண்டார். ஜூலின் கையில் நீண்டதொரு வெப்பமானி. சற்றுத் தொலைவில் புதுமனைவி வண்டியில் வந்துகொண்டிருந்தார். அருவிகளின் உச்சியிலும் அடியிலும் வெப்பநிலையை அளக்கப் போவதாக ஜூல் சொன்னார். பின்னர் இருவரும் சல்லாஞ்ச் அருவியில் சேர்ந்து முயன்றார்கள். பல ஆண்டுகள் கழித்து டாம்சனே சொன்ன செய்தி இது.

இக்கதையைப் பலர் இத்துடன் நிறுத்தி, "ஜூல் அருவியில் அளந்து மெய்ப்பித்தார்" என்று முடித்துவிடுவார்கள். அது சரியன்று. சோதனை தோற்றது. நீர் அடியை அடையுமுன் சாரலாகச் சிதறிப்போனதால் அளக்க இயலவில்லை.

ஏன் தோற்றது?

ஆகாய கங்கையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரின் நிலையாற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், வெப்பநிலை உயர்வு = புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் ÷ நீரின் தன்வெப்பம். 9.8ஐ 91ஆல் பெருக்கி 4,186ஆல் வகுத்தால் 0.21 பாகை செல்சியஸ் கிடைக்கிறது. இதில் நீரின் நிறை அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். ஆடிப் பெருக்கானாலும் கோடைக் கசிவானாலும் விடை ஒன்றுதான். ஒரு பாகை உயர வேண்டுமென்றால் நீர் 427 மீட்டர் விழ வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம் பாருங்கள். அருவி விழும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 585 கலோரி வெப்பம் வேண்டும். அதை மிச்சமுள்ள நீரிலிருந்தே பெரிதும் எடுத்துக்கொள்கிறது. நீரில் ஏறத்தாழ 2,750இல் ஒரு பங்கு ஆவியானாலே போதும், விழுந்து சம்பாதித்த 0.21 பாகையும் பறிபோய்விடும்! மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே வேலையை அருவிச் சாரலும் செய்கிறது. காற்று உலர்ந்திருந்தால் அடியிலுள்ள நீர் உச்சியிலுள்ளதைவிடக் குளிர்ந்தும் இருக்கலாம். ஆக, உங்கள் உடல் நடுங்கியது பொய்யன்று. ஜூலின் விதியும் பொய்யன்று.

அறைக்குள் ஓர் அருவி

திறந்தவெளி அருவி கைவிட்ட இடத்தில் ஜூலின் மூடிய கலம் கைகொடுத்தது. அதற்குள் நீரும் துடுப்புச் சக்கரமும் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 பவுண்டு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் ஐந்தடிக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றின. இப்படி 20 முறை. நீரின் வெப்பநிலை அரைப் பாகை ஃபாரன்ஹீட் அளவே உயர்ந்தது. ஆனால் இங்கே சாரல் இல்லை, காற்று இல்லை, வெயிலும் இல்லை. வெப்பநிலை எளிதில் மாறாத நிலவறையில் சோதனை நடந்தது. 1850இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடேற்ற, 772 பவுண்டு எடையை ஓரடி இறக்கும் வேலை வேண்டும். இன்றைய மதிப்பு 778. வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

வழக்கு முடிந்த விதமும் சுவையானது. கார்னோ முழுத் தோல்வி அடையவில்லை. ஜெர்மானியர் கிளாசியஸ் 1850இலும், டாம்சன் 1851இலும் இரண்டையும் இணைத்தார்கள். எந்திரத்தில் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாக மாறி மறைகிறது. இது ஜூல் சொன்னது. மீதி, சூட்டிலிருந்து குளிருக்கு இறங்கியே தீர வேண்டும். இது கார்னோ கண்டது. வெப்ப இயக்கவியலின் முதல் இரண்டு விதிகள் இவ்வாறு பிறந்தன.

காவிரியின் கணக்கு

தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கம் வருவதற்குள் நீர் ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்கிவிடுகிறது. அந்த ஆற்றல் அனைத்தும் நீரிலேயே தங்கியிருந்தால், அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீங்கள் மூழ்கும் நீர் ஏறத்தாழ 2.8 பாகை கூடுதலாகச் சூடேறியிருக்கும். வழியெல்லாம் காற்றும் ஆவியாதலும் அதை எடுத்துக்கொள்கின்றன.

இடையில் மனிதனும் பங்கு கேட்கிறான். காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902இல் மின்நிலையம் அமைந்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் சென்றது. நீர் சுழலியில் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அதன் சூடேற்றம் குறையும். சுழலிக்கு முன்னும் பின்னும் நீரின் வெப்பநிலையைப் பாகையின் ஆயிரத்தில் சில பங்கு வரை நுட்பமாக அளந்து, சுழலியின் திறனைக் கணக்கிடும் முறை இன்று பொறியாளர்களிடம் உண்டு. ஜூல் ஆல்ப்ஸ் மலையில் தேடிய அதே சிறு வேறுபாடுதான் அது!

நீங்களும் செய்து பார்க்கலாம். அதற்கு வழுக்குப் பாறையில் இறங்கி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மலையில் மழை பெய்தால் ஓடையில் திடீர் வெள்ளம் வரும். ஆகவே அங்கே வனத்துறையினர் அனுமதிக்கும் இடத்தோடு நின்றுவிடுங்கள். சோதனையைப் பள்ளியில் செய்யுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள அட்டைக் குழாயில் சிறு ஈயக் குண்டுகளைப் போட்டு இரு முனைகளையும் தக்கையால் அடையுங்கள். முதலில் குண்டுகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, குழாயை 50 முறை தலைகீழாகக் கவிழ்த்து, மீண்டும் அளவுங்கள். இது 50 மீட்டர் அருவிக்குச் சமம். ஈயத்தின் தன்வெப்பம் நீரினுடையதில் ஏறத்தாழ 33இல் ஒரு பங்குதான். எனவே கணக்குப்படி நான்கு பாகைக்குச் சற்றுக் குறைவாக உயர வேண்டும். குழாய் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும். குறைந்தது எவ்வளவு, அது எங்கே போயிற்று என்று ஆராயுங்கள். ஈயம் நஞ்சு, முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ மறவாதீர்கள்.