கடலூர் வட்டாரமும் வளர்ந்த நாடுகளும்: பரங்கிப்பேட்டை முதல் நெய்வேலி வரை

வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் இடையிலான உறவு என்பது முதலீடு, கடன், தொழில்நுட்பம், மூலப்பொருள் ஆகியவற்றின் கொடுக்கல் வாங்கலாகும். அந்த உறவு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதைக் கடலூர் மாவட்டத்தின் வரலாற்றிலேயே காணலாம். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, நெய்வேலி ஆகிய மூன்று ஊர்களும் மூன்று கட்டங்களைக் குறிக்கின்றன.

துறைமுகமும் துணி வணிகமும்

கெடிலம் ஆற்றின் கழிமுகத்தை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் அந்த விற்பனையில் அடங்கின. அவை பின்னர் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற இக்கோட்டை, 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்தின் தலைமையிடமாகவும் விளங்கியது. கம்பெனி இங்கு நாடி வந்தது நெசவாளர்களின் பருத்தித் துணியை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் துணி பெருகியபோது இந்த வணிகம் திசை மாறியது. துணியை ஏற்றுமதி செய்த நாடு, துணியை இறக்குமதி செய்யும் சந்தையானது.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி ஓர் இரும்பாலை எழுந்தது. கம்பெனிப் பணியிலிருந்து விலகிய சோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதைத் தொடங்கினார். சென்னை அரசு அவருக்குக் கடனும் தனியுரிமையும் அளித்தது. சேலம் பகுதியின் இரும்புத் தாதை மரக்கரியால் உருக்கி வார்ப்பிரும்பு செய்யப்பட்டது. அந்த இரும்பு இங்கிலாந்தின் செஃபீல்டு நகருக்குக் கப்பலேறியது. வேல்சு நாட்டில் மெனாய் நீரிணையின் மீது 1850-இல் திறக்கப்பட்ட பிரித்தானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டது.

ஆயினும் ஆலை நிலைக்கவில்லை. மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன. விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்ததால் செலவு கூடியது. கல்கரியால் உருக்கிய மலிவான ஆங்கிலேய இரும்புடன் போட்டியிட முடியாமல் 1860-களில் ஆலை மூடப்பட்டது. எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு ஹீத் 1839-இல் காப்புரிமை பெற்றார். அதன் பயனும் செஃபீல்டு ஆலைகளுக்கே சென்றது. தாதும் காடும் உழைப்பும் இங்கே. தொழில் வளர்ந்ததோ அங்கே.

நெய்வேலி: உதவியின் அரசியல்

1930-களில் நெய்வேலியைச் சேர்ந்த ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என ஆய்வில் தெரிந்தது. நிலக்கரிக்கு வடஇந்தியாவை எதிர்பார்த்திருந்த சென்னை மாநிலத்திற்கு இது பெரிய நம்பிக்கையாயிற்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

அது பனிப்போர்க் காலம். வளரும் நாடுகளைத் தம் பக்கம் ஈர்க்க இரு அணிகளும் போட்டியிட்டன. இந்தியா எந்த அணியிலும் சேராமல் இரு தரப்பிடமும் உதவி பெற்றது. பிலாயில் சோவியத் ஒன்றியமும், ரூர்கேலாவில் மேற்கு செருமனியும், துர்காப்பூரில் பிரிட்டனும் எஃகு ஆலைகள் அமைக்க உதவின. நெய்வேலியில் இவை மூன்றும் ஒரே ஊரில் சந்தித்தன. திட்ட அறிக்கையைப் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் தயாரித்தது. மண்ணை அகழும் சக்கர வாளி இயந்திரங்கள் மேற்கு செருமனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் 1957-ஆம் ஆண்டின் சோவியத் கடனில் அமைந்தது. அதன் முதல் அலகு 1962-இல் இயங்கியது. 1970-இல் மொத்தத் திறன் 600 மெகாவாட்டை எட்டியது.

சோவியத் கடன்களின் தனித்தன்மை அவற்றைத் திருப்பிச் செலுத்தும் முறையில் இருந்தது. வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. தவணையை ரூபாயிலேயே கட்டலாம். அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் ஒன்றியம் தேயிலை, தோல், முந்திரிப் பருப்பு போன்ற இந்தியப் பொருட்களை வாங்கியது. டாலரோ பவுண்டோ தட்டுப்பாடாக இருந்த நாட்டிற்கு இது பெரிய நிம்மதி.

வந்த இயந்திரங்கள் அப்படியே பயன்படவில்லை. செருமனியின் மென்மையான மண்ணுக்கென வடிவமைக்கப்பட்ட வாளிகளின் பற்கள், கடலூர் மணற்கல்லில் விரைவில் தேய்ந்தன. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னரே அகழ வேண்டியிருந்தது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துடன் நின்ற நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கவும் வேண்டியிருந்தது. இச்சிக்கல்களைத் தீர்க்கும் பணியில் இந்தியப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் தேர்ச்சி பெற்றனர். பரங்கிப்பேட்டையில் நிகழாத ஒன்று இங்கே நிகழ்ந்தது: தொழிலும் அறிவும் உள்ளூரில் தங்கின.

விலை கொடுத்தவர்கள்

உதவி நாடுகளுக்கிடையே நடந்தது. அதற்கான நிலத்தைக் கொடுத்தவர்கள் உழவர்கள். சுரங்கம் விரிய விரியப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. இழப்பீடு, நிரந்தர வேலை, நிலத்தடி நீர்மட்டம் ஆகியவை பற்றிய பூசல்கள் தொடர்கின்றன. முன்பே கையகப்படுத்தப்பட்ட வளையமாதேவி நிலங்களில் 2023 சூலையில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. அப்போது நெற்பயிர் அழிந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தது. அதன் உதவியால் எழுந்த முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் மூடப்பட்டது. இந்த மூன்று கட்டங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். வெளிநாட்டு முதலும் நுட்பமும் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல. உரிமை யாரிடம், கடனை எதில் அடைப்பது, அறிவு எங்கே தங்குகிறது என்பவையே விளைவைத் தீர்மானித்தன. நிலம் இழந்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியோ, ஆலை உள்நாட்டுடைமை ஆனபின்னும் தீரவில்லை.