தாபான் மரமும் தந்திக் கேபிளும்

நம் வீடுகளில் பால்மரம் என்றால் ரப்பர்தான். ஆனால் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877-இல். அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே இந்தக் காட்டின் இன்னொரு மரத்துப் பால் உலகச் சந்தைக்குப் போய்விட்டது. மலாய்க்காரர்கள் அதை கெத்தா தாபான் என்றார்கள். வணிகத்தில் அதன் பெயர் கட்டாபெர்ச்சா.

வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்ய இங்குள்ளவர்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைக் கடத்தாது, கடல்நீரில் கெடாது என்பது சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. செம்புக் கம்பியின் மேல் அதைப் பூசினால் தந்தியைக் கடலுக்கு அடியில் அனுப்பலாம். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கேபிள், 1866-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கேபிள் எல்லாம் இந்தப் பாலைப் போர்த்திக்கொண்டுதான் கடலடியில் கிடந்தன. 1933-இல் பாலிஎத்திலீன் கண்டுபிடிக்கப்பட்டு, அது கேபிளுக்கு வந்துசேரும்வரை இதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கேபிள் வந்தது. அதுவரை லண்டன் விலை கப்பல் கடிதத்தில், வாரக்கணக்கில் தாமதமாக வரும். வந்து சேரும்போது அது பழைய விலை. ஈயம் வாங்கும் வியாபாரி உத்தேசமாகத்தான் வாங்கியாக வேண்டும். உத்தேசம் தவறினால் நஷ்டம் என்பதால், முன்னெச்சரிக்கையாக விலையைக் குறைத்தே கேட்பார். கேபிள் வந்தபிறகு, சரக்கு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே லண்டனில் அதை விற்றுவிட முடிந்தது. விலை சரக்கைவிட மிக வேகமாகப் பயணம் செய்தது. நவீனப் பொருளாதாரம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

பொறியாளர்களாகிய எங்களுக்கு இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. தாமதம் குறைந்தது, எல்லாருக்கும் நன்மை. ஆனால் எல்லாருக்குமா?

தாபானை ரப்பர் மாதிரி தினமும் கீறிப் பால் எடுக்க முடியாது. பால் மரத்துக்குள் சின்னச்சின்னப் பைகளில் தனித்தனியாக நிற்கும், வழிந்து வராது. அதனால் மரத்தையே சாய்த்தார்கள். வளர்ந்த மரம் ஒன்றில் ஒரு கிலோ தேறுவதே அபூர்வம். வெட்டியவர்களில் பலர் ஓராங் அஸ்லி மக்கள். போர்னியோவில் டாயாக் மக்கள். ஜொகூரில் 1840களில் இந்த வணிகத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டவர் தெமெங்கோங் இப்ராஹிம். அவர் குடும்பத்தின் செல்வம் பெருகியதில் இந்தப் பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூர்த் தீவிலோ, கேபிள் வந்து சேரும் முன்பே மரங்கள் தீர்ந்துவிட்டன. ஜாவாவில் இலையிலிருந்தே பாலை எடுக்கும் தோட்டம் பின்னால் வந்தது. ஆனால் அதற்குள் காடுகள் காலியாகிவிட்டன. வரலாற்றாசிரியர் ஜான் டல்லி 2009-இல் எழுதிய கட்டுரையில் இதை விக்டோரியா காலத்தின் சூழலியல் பேரழிவு என்கிறார்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தக் கேபிள் வழியாக கட்டாபெர்ச்சாவின் விலையும்தான் வந்தது. சிங்கப்பூர் வியாபாரிக்கு லண்டன் விலை தெரியும். ஆற்றின் மேற்பகுதிக்குப் போகும் தரகருக்கு சிங்கப்பூர் விலை தெரியும். மரத்தை வெட்டியவருக்குத் தெரிந்ததெல்லாம் தரகர் சொன்ன கணக்கு மட்டும்தான். கேபிளின் மேல்தோலைக் கொடுத்தவருக்கு அதில் போன செய்தி கிடைக்கவில்லை. ஆக, வலைப்பின்னல் தகவலைத் தானாகப் பரப்பிவிடாது. முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இன்று அதே ஜொகூரில் டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூர் 2019-இல் புதிய மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்ததும் பலருடைய பார்வை பாலத்தின் இந்தப் பக்கம் திரும்பியது. நாம் அதை 'கிளவுட்' என்கிறோம், ஏதோ வானத்தில் மிதப்பதுபோல. உண்மையில் அது குளிரூட்டத் தண்ணீரும் இரவு பகலாக மின்சாரமும் கேட்கிற கட்டடம். வேலை வாய்ப்பும் முதலீடும் வருகின்றன, மறுக்கவில்லை. ஒவ்வொரு கட்டடமும் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, என்ன கட்டணத்துக்கு எடுக்கிறது என்ற கணக்கு பக்கத்துக் கம்பத்துக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாபான் வெட்டியவருக்குக் கிடைக்காத கணக்கு அதுதான்.