பால்மாப் பெட்டியில் எழுதப்படாத செய்தி

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் பால் என்றால் பெரும்பாலும் பால்மாதான். மாடு கட்ட இடமில்லாத, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முருகன் கோயில் அபிஷேகத்துக்குப் பசும்பால் தேடுவோரும் காலைத் தேநீருக்குப் பால்மாப் பெட்டியையே திறக்கின்றனர். அந்தப் பாலைத் தந்த மாடு எங்கே மேய்ந்தது, அந்நிலத்தில் என்ன தூவப்பட்டது என்பதை அவர்கள் அறியார். 2013 ஆகஸ்டில் அவ்வறியாமை அச்சமாக மாறியது.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய பாற்சபை அமைந்தது. அதன் லக்ஸ்பிரேயை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுப் பால்மா வகைகள் கடைகளில் நிறைந்தன. தெரிவு பெருகியது, தெரிவு செய்வதற்கான தகவல் பெருகவில்லை.

நியூசிலாந்தில், மண்ணின் நைதரசன் ஆறுகளில் கலப்பதைக் குறைக்க டிசிடி என்னும் இரசாயனத்தை மேய்ச்சல் நிலங்களில் இட்டு வந்தனர். அதன் தடயம் பாலில் தென்படவே, 2013 ஜனவரியில் உர நிறுவனங்கள் விற்பனையை நிறுத்தின. உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றது அந்நாட்டு அரசு. ஆகஸ்டில், பரிசோதனை முடிவுகளைக் காட்டி, பொன்டெரா நிறுவனத்தின் சில பால்மாத் தொகுதிகளை மீளப்பெறுமாறு இலங்கைச் சுகாதார அமைச்சு பணித்தது. பரிசோதனையே பிழை என்றது நிறுவனம். அதே வேளையில், அந்நிறுவனத்தின் மோர்ப்புரதத்தில் நச்சுக்கிருமி என்ற செய்தியும் உலகெங்கும் பரவியது. நீதிமன்றம் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தற்காலிகத் தடை விதித்தது. ஆகஸ்ட் 23 அன்று நிறுவனம் இலங்கையில் தன் பணிகளை இடைநிறுத்தியது. கிருமிச் செய்தி தவறானது என்பது ஆகஸ்ட் 28 இல்தான் தெரிந்தது.

அந்த வாரங்களில் ஒரு தாய் என்ன செய்திருக்க முடியும்? பெட்டியை மாற்றலாம். மாற்றிய பெட்டியிலும் டிசிடி பற்றி ஒரு சொல்லும் இராது.

உற்பத்தியாளர் அறிந்ததை வாங்குவோரும் அறியலாமா என்ற வினா அமெரிக்காவில் முன்னரே எழுந்தது. பசுவின் வளர்ச்சி ஹோர்மோனைப் பக்ரீரியாவைக் கொண்டு தயாரித்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றிப் பாலைப் பெருக்க 1993 இல் அங்கே அனுமதி கிடைத்தது. அவ்வாறு பெற்ற பாலை அடையாளமிட்டு விற்க வேண்டும் என்று வெர்மொண்ட் மாநிலம் சட்டம் இயற்றியது. நுகர்வோரின் அறியும் ஆவல் மட்டுமே போதிய காரணமாகாது என்று 1996 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. கனடாவோ 1999 இல், பசுக்களுக்கு மடிநோயும் கால்நோயும் மிகும் என்று கூறி ஹோர்மோனையே மறுத்தது. மனிதருக்கு நேரடித் தீங்கு உண்டென்று அந்நாடும் கூறவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் தீங்கு நிறுவப்பட்ட பின்னரே தகவல் தருவோம் என்பது முறையன்று. பெட்டியின் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று பணிக்கும் அதிகாரம் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. பரிசோதனை முடிவுகளை உடனுக்குடன் மும்மொழியிலும் வெளியிட்டாலே பாதி அச்சம் நீங்கும். ஜிந்துப்பிட்டித் தாய் விஞ்ஞானியாக வேண்டியதில்லை. தன் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பது இன்னதென்று வாசித்தறிய முடிந்தால் போதும்.