தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: இல்லத் திரைப்படச் சேகரிப்பும் பட்டியலாக்க மென்பொருளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சங்கத் தொகைநூல்களைப் பயில்வோர் அவற்றோடு வழங்கிவரும் குறிப்புக்களை நன்கறிவர். அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் எனவும் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி எனவும் அக்குறிப்புக் கூறும். நற்றிணையைப் பொறுத்தவரையில், தொகுப்பித்த பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதியின் பெயர் எஞ்சியுள்ளது. தொகுத்தவர் பெயர் எஞ்சவில்லை. குறுந்தொகையில் நிலைமை மறுதலையானது. தொகுத்தவர் பூரிக்கோ என அறிகின்றோம். தொகுப்பித்தவர் யாரென்பது தெரியவில்லை. தொகுத்தல், தொகுப்பித்தல் என்னும் இவ்விரு வினைகளுக்குமிடையே உள்ள வேறுபாடு தன்வினை, பிறவினை என்ற இலக்கண வேறுபாடு மாத்திரமன்று. உழைப்புக்கும் அவ்வுழைப்பினை ஏவி அதன் பயனைத் தன் பெயரிற் கொள்ளும் அதிகாரத்துக்குமிடையே உள்ள உறவு அதில் ஒளிவுமறைவின்றிப் பதிவுபெற்றுள்ளது.

இதே வினாவை நம் காலத்துத் தொகைமுயற்சி ஒன்றின்பால் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீடுகளிற் சேர்ந்துள்ள திரைப்பட நாடாக்களையும் இறுவட்டுக்களையும் பட்டியற்படுத்துவதற்கெனத் தோன்றிய கணினி மென்பொருள்களே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இலக்கிய மாணவன் ஒருவன் இத்தகைய பொருளிற் கைவைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஏட்டுச்சுவடிப் பட்டியலும் நூற்பட்டியலும் இன்றி ஒரு நாளும் நகராத துறை நம்முடையது. பட்டியல் என்பது எவ்வாறு உருவாகின்றது, யார் கைக்குச் செல்கின்றது என்பன பற்றி நாம் அலட்சியமாக இருத்தல் இயலாது.

திரைப்படம் தன் முதற்கட்டத்தில் வீட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடிய பண்டமாக இருக்கவில்லை. பார்வையாளன் விலைகொடுத்துப் பெற்றது குறித்த நேரத்துக்கு ஓர் இருக்கையை மாத்திரமே. 1922 இல் பிரெஞ்சு நிறுவனமான பத்தே 9.5 மில்லிமீற்றர்ச் சுருளையும், 1923 இல் ஈஸ்ற்மன் கொடாக் 16 மில்லிமீற்றர்ச் சுருளையும், அதே நிறுவனம் 1932 இல் 8 மில்லிமீற்றர்ச் சுருளையும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. எனினும் அவை வசதிபடைத்த இல்லங்களையே சென்றடைந்தன. 1975 இல் சொனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸ் நாடாவும் 1976 இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். நாடாவும் வெளிவந்த பின்னரே திரைப்படம் பெருந்தொகையான மக்களின் அலமாரிப் பொருளாயிற்று. பின்னர்ப் பார்ப்பதற்கென வீட்டிற் பதிவுசெய்வது பதிப்புரிமை மீறலாகாது என ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1984 சனவரியில் ஐவருக்கு நால்வர் என்ற மிகச் சிறிய பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 1996 இல் யப்பானில் டி.வி.டி. இறுவட்டு அறிமுகமானது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இலேயே ஆரம்பமானது. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோரின் வருவாயுமே வீடியோக் கருவியை இங்குக் கொணர்ந்தன. பாலைவனத்தில் விற்கப்பட்ட உழைப்புச் சக்தியே அக்கருவியின் உருவில் வீடு வந்து சேர்ந்தது எனலாம்.

சேகரிப்புப் பெருகும்போது பட்டியல் தேவையாகின்றது. முதலிற் பயன்பட்டது அப்பியாசக் கொப்பியே. நாடாவின் எண், படத்தின் பெயர், யாரிடம் இரவலாக உள்ளது என்னும் மூன்று நிரைகளே பெரும்பாலும் போதுமாயிருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக் கணினியும் டிபேஸ் போன்ற தரவுத்தள நிரல்களும் பரவியபோது கொப்பியின் இடத்தைக் கணினி பிடிக்கலாயிற்று. இவற்றின் கோட்பாட்டு அடிப்படையை ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் எட்கார் கொட் 1970 இல் வெளியிட்ட தொடர்புசார் தரவு மாதிரி பற்றிய கட்டுரை வழங்கிற்று. ஆயினும் ஒரு பொருளை ஒரே இடத்தில் அடைத்துவிடாது, பல முகங்களாகப் பகுத்து வேண்டியவாறு இணைத்துத் தேடலாம் என்னும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையின் உயிர்நாடி அதுவே. (இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைக் கண்டதே தமக்குத் தூண்டுதலாயிற்று என அவர் கூறியுள்ளார். அறிவுலக வரலாற்றில் விளையாட்டுக் கடைகளுக்கும் பங்குண்டு போலும்.) நெறியாளர், ஆண்டு, மொழி, நடிகர் என நாம் இன்று சேகரிப்பினை வடிகட்டிப் பார்க்கும்போது, அறிந்தோ அறியாமலோ அவர் வழியையே பின்பற்றுகின்றோம்.

நமது வினாவுக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி இதற்குப் பின்னரே வருகின்றது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் கணினிப் பொறியியலாளராகப் பணிபுரிந்த கொல் நீதம் என்பவர், தாம் பார்த்த திரைப்படங்களின் விவரங்களைத் தமது வீட்டுக் கணினியிற் குறித்துவைக்கும் வழக்கமுடையவர். இணையத்தின் வலைத்தளங்கள் தோன்றுமுன் யூஸ்நெற் என்னும் செய்திக்குழுக்கள் வழக்கில் இருந்தன. அவற்றுட் திரைப்படம் பற்றிய குழுவொன்றில் நடிகைகள், நடிகர்கள், நெறியாளர்கள், மறைந்த கலைஞர்கள் என்னும் பட்டியல்களை ஆர்வலர் பலர் தத்தம் பொறுப்பிற் பேணி வந்தனர். 1990 ஒக்டோபர் 17 ஆந் திகதி நீதம் இப்பட்டியல்களை ஒருங்கே தேடுவதற்கான சிறு நிரல்களை எழுதி அக்குழுவில் வெளியிட்டார். இன்று ஐ.எம்.டி.பி. எனப் பெயர்பெற்றுள்ள திரைப்படத் தரவுத்தளத்தின் பிறப்பு அதுவே. உலகின் மிகப் பெரிய திரைப்படப் பட்டியல் ஒரு வணிக நிறுவனத்தின் திட்டத்திலிருந்து தோன்றவில்லை. வீட்டுச் சேகரிப்பாளரின் குறிப்பேட்டிலிருந்தும் முகமறியாத பலரின் ஊதியமில்லா உழைப்பிலிருந்தும் தோன்றியது.

1993 இல் அது வேல்ஸ் நாட்டின் காடிவ் பல்கலைக்கழகக் கணினியில் வலைத்தளமாக அமைந்தது. பொது நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தின் கருவியே அதனைத் தாங்கிற்று. 1996 இல் அது வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவுபெற்றது. 1998 ஏப்பிரலில் அமேசன் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. நாடாக்களையும் இறுவட்டுக்களையும் விற்பதற்கு அப்பட்டியல் துணைபுரியும் என்பதே வாங்கியோரின் கணக்கு. எட்டாண்டுகளுள் தொகுத்தோரின் பண்டம் தொகுப்பித்தோரின் பண்டமாயிற்று. இங்கு ஒரு விசேடத்தை மனங்கொள்ள வேண்டும். பாண்டியன் தொகுப்பிக்கத் தொடங்கிய பின்னரே புலவர் தொகுத்தார். இங்கோ புலவர் தொகுத்து முடித்தபின் பாண்டியன் வந்து சேர்கின்றான்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. இசை இறுவட்டுக்களின் பாடல் விவரங்களைப் பயனாளரே தட்டெழுதிச் சேர்த்த சி.டி.டி.பி. என்னும் தரவுத்தளத்தின் கதையும் இத்தகையதே. 1993 அளவில் ரீ கான் என்பவரின் இலவச நிரலோடு இணைந்து வளர்ந்த அது 1998 இல் விற்கப்பட்டது. 2000 இல் கிரேஸ்நோட் எனப் பெயர்மாறி உரிமக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2008 இல் சொனி நிறுவனம் அதனை ஏறத்தாழ 26 கோடி டொலருக்கு வாங்கியது. பாடல்களின் பெயர்களை இரவிரவாகத் தட்டெழுதியோருக்கு அத்தொகையில் ஒரு சதமும் கிட்டவில்லை. இதனை எதிர்த்த சிலர் முந்திய தரவினைக் கொண்டு ஃபிரீடிபி என்ற பொதுத் தளமொன்றை நிறுவினர். அதுவும் 2020 இல் மூடப்பட்டது.

இத்தகைய வரலாற்றை வெறும் களவாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது பொருள்முதல்வாத ஆய்வாகாது. பெருகிவரும் தரவினைத் தாங்கும் கணினிகளுக்கும் அவற்றைப் பராமரிப்போருக்கும் செலவு உண்டு; அச்செலவினை ஆர்வலரின் ஓய்வுநேரம் ஈடுசெய்ய முடியாது. பல்கலைக்கழகமோ அரசோ அப்பொறுப்பினை ஏற்காத நிலையில் மூலதனம் அவ்விடைவெளியில் நுழைந்தது. தொகுத்தோருட் பலர் பட்டியல் அழியாது நிலைத்தமைக்காக மகிழ்ந்திருக்கவும் கூடும். வணிகமல்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்கெனத் தரவின் ஒரு பகுதியை ஐ.எம்.டி.பி. தொடர்ந்து வழங்கி வருவதையும் மறைத்தல் ஆகாது. மார்க்ஸ் 1857-58 இற் குறிப்பேடுகளாக எழுதிய குறுண்ட்றிஸ்ஸவில் சமுதாயத்தின் பொது அறிவு நேரடி உற்பத்திச் சக்தியாக மாறுவதுபற்றிப் பேசுகின்றார். அவர் கண்முன் இருந்தவை இயந்திரங்கள். நமது கண்முன் இருப்பது இப்பட்டியல். எவரும் தனித்து ஆக்காத, எல்லாரும் சேர்ந்து ஆக்கிய அறிவு ஒருவரின் உடைமையாகும்போது தோன்றும் முரண்பாடு இரண்டிற்கும் பொதுவானது.

வீட்டுச் சேகரிப்பாளன் இம்முரண்பாட்டை எவ்வாறு எதிர்கொண்டான் என்பதற்கு டெலிஷியஸ் லைப்ரரி என்னும் மென்பொருள் நல்ல சான்று. அப்பிள் கணினிகளுக்கென 2004 நவம்பரில் வெளிவந்த இதன் கவர்ச்சி இரண்டு. கணினித் திரையில் மரத்தட்டு அலமாரி ஒன்று தோன்றி, சேகரிப்பு முழுவதும் அட்டைப்படங்களாக அதில் அடுக்கப்பட்டது ஒன்று. இறுவட்டு உறையிலுள்ள பட்டைக்குறியைக் கணினியின் ஒளிப்படக் கருவிமுன் காட்டியவுடன் எல்லா விவரங்களும் தாமே வந்து நிரம்பியது மற்றொன்று. அவ்விவரங்கள் அமேசன் நிறுவனத்தின் தரவிலிருந்து வந்தன. பட்டைக்குறி 1974 யூன் 26 ஆந் திகதி ஒகையோ மாநிலத்துக் கடையொன்றில் சூயிங்கம் பொதியொன்றின்மீது முதன்முதல் வாசிக்கப்பட்ட குறியீடாகும். அது படைப்பினை அடையாளப்படுத்துவதன்று. விற்பனைப் பொதியை அடையாளப்படுத்துவது. ஒரே திரைப்படம் நாடாவாகவும் இறுவட்டாகவும் மறுபதிப்பாகவும் வரும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியினைப் பெறும். நூலகச் சங்கங்களின் சர்வதேச ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட அறிக்கை படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, தனிப்படி என நான்கு நிலைகளை வேறுபடுத்திற்று. வணிகக் குறி மூன்றாவது நிலையை மாத்திரமே அறியும். கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பயன்பெறுமதியாகிவிட்ட பொருளை அதன் மாற்றுப்பெறுமதியின் முத்திரையைக் கொண்டே மீண்டும் அறிந்துகொள்ளும் முறை இது. அலமாரியிலுள்ளவற்றின் சந்தை விலையைக் காட்டி, அங்கிருந்தே விற்பதற்கும் அம்மென்பொருள் வழிசெய்தமை தற்செயலானதன்று.

இம்முறை நமது வீட்டு அலமாரிமுன் வந்து நிற்கும்போது என்ன நிகழ்கின்றது? ஒரே தட்டில் மூன்று படங்கள் அடங்கிய இறுவட்டுக்கள் நம்மிடையே பெருவழக்காய் இருந்தன. ஒரு பொருள் ஒரு படைப்பு எனக் கருதும் நிரல் அங்குத் தடுமாறும். பட்டைக்குறி இல்லாத பிரதிகளே பல. நெறியாளரின் குடும்பப் பெயர் யாதென நிரல் வினவும். நமது பெயர்களின் முன்னெழுத்தோ தந்தையின் பெயரைக் குறிப்பது. அகரவரிசையில் அவரை எங்கு வைப்பது என்பது சிறிய வினாவன்று. உரோம எழுத்திற் பெயர்க்கும்போது ஒருவரே மூவராகவும் ஆகிவிடுகின்றார்.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. நமது வீடுகளில் வாங்கிய படங்களோடு கலந்து கிடப்பவை கலியாண வீட்டு நாடாக்களும் சாமத்திய வீட்டு நாடாக்களுமாகும். ஊரை விட்டுப் பெயர்ந்து உலகெங்கும் சிதறிய குடும்பங்களுக்கிடையே தபாலில் அவை சென்றும் வந்தும் உள்ளன. பின்னாளில் இடிந்துபோன வீடும் வெட்டப்பட்ட மாமரமும் இறந்துபோன உறவினரும் அவற்றிலன்றி வேறெங்கும் இலர் என்னும் நிலை பல குடும்பங்களில் உண்டு. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டது. திரைப்படச் சுருள்கள் அங்கு அழிந்தன. தர்மசேன பத்திராஜ 1977 இல் நெறிப்படுத்திய 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த 'வாடைக்காற்று' முதலியவற்றைத் தந்த ஈழத்துத் தமிழ்த் திரைமுயற்சி எண்ணிக்கையிற் சிறியது. மூலச்சுருள் பேணப்படாத நாட்டில் தனியார் வீட்டு நாடாவே ஆவணமாகின்றது. அந்நாடாவுக்கு எந்தத் தொலைதூரத் தரவுத்தளமும் விவரம் அனுப்பப்போவதில்லை. படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் சொல்ல, இளையவர் எழுதிக்கொண்டாலன்றி அவை பட்டியலில் ஏறா. பெரும்பாலும் அம்மூத்தவர் பெண்ணாகவே இருப்பர். தொகுத்தவர் இன்னார் என அவர் பெயரைக் குறிப்பதற்கு எந்த மென்பொருளிலும் தனிப்புலம் ஒன்று இருக்க நான் கண்டதில்லை.

தரவினைப் பயனாளரின் கணினியிலேயே தனிக்கோப்பாக வைக்கும் ரெலிக்கோ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. புலங்களை வேண்டியவாறு வகுத்துக்கொள்ளவும் அவை இடந்தரும். தோற்றக் கவர்ச்சி அவற்றிற் குறைவு.

2024 நவம்பரில் டெலிஷியஸ் லைப்ரரி கைவிடப்பட்டது. விவரங்களை வழங்கிவந்த தரவு ஓடையை அமேசன் மூடிவிட்டமையே காரணம். இருபது ஆண்டுகளாய் மரத்தட்டு அலமாரியை நிரப்பியோருக்கு ஏற்கெனவே சேர்ந்திருந்த பதிவுகள் எஞ்சின. புதிதாக ஒரு படத்தைச் சேர்க்க விரும்பினால் பெயரையும் ஆண்டையும் நெறியாளரையும் கையாலேயே எழுதவேண்டும். கலியாண வீட்டு நாடாவுக்கு முதல்நாள் தொட்டே இருந்த வழி அதுதான்.