மனித உரிமைகள்: வரலாறும் கற்பிக்க வேண்டிய கடமையும்



உரிமை கேட்பவனுக்கே கிட்டுகிறது. கேட்பதற்கோ, அது தனக்கு உண்டு என்பதை அவன் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். மனித உரிமைகளின் வரலாற்றைப் புரட்டும்போது நாம் காணும் உண்மை இதுவேயாகும்.

1215-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் மன்னர் ஏற்ற மாக்னா கார்ட்டா, சுதந்திர மனிதன் எவனையும் நாட்டின் சட்டப்படியன்றிச் சிறைப்பிடிக்கலாகாது என்றது. ஆயினும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையடிமைகளுக்கு அதன் பலன் சேரவில்லை. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் மனித சமத்துவத்தைப் பிரகடனம் செய்தனர். அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றதோ 1944-இல்தான். உரிமை ஏட்டில் ஏறுவது வேறு, எல்லோரையும் சென்றடைவது வேறு.

இரண்டாம் உலகப் போரின் பேரழிவிற்குப் பின், 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. முதற்பிரிவில், ஆடவரை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி, 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று அமையச் செய்த பெருமை இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவைச் சாரும். இவ்வுரிமைகள் மதிக்கப்படக் கற்பித்தலின் வாயிலாகவும் பாடுபட வேண்டும் என்று அப்பிரகடனத்தின் முகவுரையே வலியுறுத்துகிறது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைத் தெரிவித்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப் பணிக்கிறது. (தடுப்புக் காவலுக்கு இது பொருந்தாது.) இருந்தும் காவல் நிலைய மரணங்கள் தொடர்ந்தன. அவை குறித்த பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி, மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் டி.கே. பாசு 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாக மலர்ந்தது. ஒரு கடிதம் பத்தாண்டு கடந்து தேசத்திற்கே 11 நெறிமுறைகளைப் பெற்றுத் தந்தது!

கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதின் நாளும் நேரமும் குறிக்கப்பட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லப்பட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும். இவை அவற்றுட் சில. கைது பற்றிய குறிப்பில் குடும்பத்தினரோ, அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இடவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதனைக் கட்டாயமாக்குகிறது.

இவ்விடத்தில் நாம் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். அம்மதிப்பிற்குரியவர் யார்? நம் ஊர்ப் பெரியவர்கள் அல்லரோ? நள்ளிரவில் ஒரு தாய் கதவைத் தட்டி, 'என் மகனை அழைத்துச் சென்றுவிட்டார்கள்' என்று அழும்போது, என்ன கேட்பது, எங்கே கையொப்பமிடுவது என்று நாம் அறியாதிருப்போமாயின், எழுதி வைத்த சட்டம் அவளுக்கு என்ன பயன் தரும்?

உச்ச நீதிமன்றமும் இதனை உணர்ந்தே, அந்நெறிமுறைகளைக் காவல் நிலையங்களில் எழுதி வைக்கவும், வானொலி, தொலைக்காட்சி, தாய்மொழித் துண்டறிக்கைகள் வாயிலாகப் பரப்பவும் அறிவுறுத்தியது. காவலில் உள்ளோர்க்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிப் பெறலாம். இச்செய்தியையேனும் நம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிக்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

உரிமையைக் கற்பவன் பிறரின் உரிமையையும் கற்கிறான். தனக்கு நேரும் அநீதியை எதிர்ப்பவன் அண்டை வீட்டாருக்கு நேரும் அநீதியையும் எதிர்க்கப் பழகுகிறான். ஆகவே, பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் புகட்டுவது போன்றே இவ்வறிவையும் புகட்டுவோமாக!